சவ்வுக் கடத்துப் புரதம் அசைவதை எலக்ட்ரான் ஸ்பின் ரெசனன்ஸால் அளப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஈ.கோலை பாக்டீரியாவில் லாக்டோஸைச் செல்லுக்குள் கொண்டுவரும் புரதத்துக்கு லாக் ஒய் என்று பெயர். 2003-இல் அதன் படிக அமைப்பு வெளியானது. பன்னிரண்டு சுருள்கள், நடுவில் சர்க்கரை உட்காரும் குழி, எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. ஆனால் அந்தக் குழி செல்லின் உட்பக்கமாகத் திறந்திருந்தது. வெளிப்பக்கம் இறுக மூடியிருந்தது. அப்படியானால் வெளியே இருக்கும் லாக்டோஸ் எந்த வழியாக வந்து உட்கார்ந்தது? அந்தப் படத்தில் அதற்கு விடை இல்லை.

விடை எப்படி இருக்கலாம் என்பதை ஓலெக் ஜார்டெட்ஸ்கி 1966-லேயே சொல்லியிருந்தார். புரதம் ஒரு முறை வெளிப்பக்கம் திறக்கும், அப்புறம் அதை மூடிக்கொண்டு உட்பக்கம் திறக்கும்; இரண்டு வாசலும் ஒரே நேரத்தில் திறந்திருக்காது. இதைச் சோதிக்க வேண்டுமானால் சுருள்கள் எவ்வளவு நகர்கின்றன என்று அளந்தாக வேண்டும். 2007-இல் அதைச் செய்தார்கள். லாக் ஒய்யின் இரு முகங்களிலும் ஸ்பின் லேபிள் (ஜோடி சேராத எலக்ட்ரான் உள்ள சிறு அடையாள மூலக்கூறு) ஜோடிகளை வைத்து, சர்க்கரை சேர்ந்ததும் உட்பக்கத் தூரங்கள் குறைந்து வெளிப்பக்கத் தூரங்கள் கூடுவதைக் காட்டினார்கள். ஒரு புரதம் கதவு மாற்றுவதை ஆங்ஸ்ட்ராம் (நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு) கணக்கில் பார்த்த சோதனை அது.

அதே வகைச் சோதனையை உங்கள் புரதத்தில் எப்படித் திட்டமிட்டு, எப்படி முடித்து, எந்த அளவுக்கு நம்புவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். புரதத்தைச் சுத்திகரித்துப் பழக்கம் உண்டு, ஆனால் காந்தத்தின் பக்கம் போனதில்லை என்பவரை மனதில் வைத்திருக்கிறேன்.

காந்தத்துக்குள் என்ன நடக்கிறது

ஜோடி சேராத எலக்ட்ரான் ஒன்றைக் காந்தப்புலத்தில் வைத்தால் அதன் ஆற்றல் நிலை இரண்டாகப் பிரியும். அந்த இடைவெளிக்குச் சரியாகப் பொருந்தும் மைக்ரோவேவ் பட்டால் எலக்ட்ரான் கீழ் நிலையிலிருந்து மேலே தாவும். 1944-இல் கசான் நகரில் யெவ்கெனி சவோய்ஸ்கி கண்ட நிகழ்வு இதுதான். எக்ஸ் பேண்ட் எனப்படும் வழக்கமான கருவியில் மைக்ரோவேவ் அதிர்வெண் 9.5 கிகாஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். அதற்குப் பொருந்தும் புலம் ஏறத்தாழ 3,400 காஸ். கியூ பேண்டில் 34 கிகாஹெர்ட்ஸ், 1.2 டெஸ்லா.

புரதங்களில் பெரும்பாலும் இப்படிப்பட்ட தனி எலக்ட்ரான் கிடையாது. அதுவே நமக்கு வசதி. நாம் வைக்கும் இடத்திலிருந்து மட்டும்தான் சிக்னல் வரும். மற்ற ஆயிரக்கணக்கான அணுக்கள் பேசாமல் இருக்கும். நாம் வைப்பது நைட்ராக்சைடு, அதாவது நைட்ரஜன்-ஆக்சிஜன் பிணைப்பில் தனி எலக்ட்ரான் தங்கியிருக்கும் சிறு மூலக்கூறு. அதிலுள்ள நைட்ரஜன்-14 அணுக்கருவின் ஸ்பின் 1 என்பதால், ஒரு கோடாக வர வேண்டிய சிக்னல் மூன்று கோடாகப் பிரிகிறது. நைட்ராக்சைடு நீரில் தடையின்றிச் சுழன்றால் மூன்றும் கூர்மையாக, ஏறத்தாழ 16 காஸ் இடைவெளியில் நிற்கும். சுழற்சி தடைபடத் தடைபட கோடுகள் அகன்று, நிறமாலை இரு பக்கமும் விரியும். லேபிளைச் சுற்றி நெருக்கமா, தாராளமா என்பதை இந்த வடிவமே சொல்லிவிடும்.

நினைத்த இடத்தில் லேபிளை வைக்கும் முறையை வளர்த்தெடுத்தவர் வேய்ன் ஹப்பல். ஒரு அமினோ அமிலத்தை சிஸ்டீனாக மாற்றி, அந்தச் சிஸ்டீனின் கந்தகத்தோடு நைட்ராக்சைடை இணைப்பதுதான் உத்தி. 1990-இல் அவரும் ஹர் கோவிந்த் கொரானாவும் அவர்களுடைய குழுவினரும் பாக்டீரியோரோடாப்சினில் இதைச் செய்து காட்டினார்கள். ஆக, தொடக்கத்திலிருந்தே இது சவ்வுப் புரதத்துக்கான முறையாகவே வளர்ந்தது.

படி 1: கேள்வியைத் தூரமாக மாற்றுங்கள்

"என் புரதம் எப்படி அசைகிறது" என்ற கேள்வியோடு கருவியின் முன் உட்கார்ந்தால் எதுவும் கிடைக்காது. "சோடியம் சேர்த்தால் வெளிப்பக்கத்தில் முதல் சுருளுக்கும் ஏழாம் சுருளுக்கும் இடையே தூரம் கூடுமா" என்று கேட்டால் விடை கிடைக்கும். கேள்வியில் இரண்டு புள்ளிகளும், ஒரு தூண்டுதலும், எதிர்பார்க்கும் ஒரு திசையும் இருக்க வேண்டும்.

படிக அமைப்போ, கிரையோ மின் நுண்ணோக்கி அமைப்போ, கணினி முன்கணித்த அமைப்போ எதுவாயினும் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எம்.எம்.எம். அல்லது சைலைஃப் போன்ற மென்பொருள், நீங்கள் தேர்ந்த இடத்தில் நைட்ராக்சைடு எந்தெந்தத் திசைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் என்று கணக்கிட்டு, எதிர்பார்க்கும் தூரப் பரவலைத் தரும். இரண்டு நிலைகளின் அமைப்பு உங்களிடம் இருந்தால் இரண்டிலும் கணக்கிட்டு, வேறுபாடு குறைந்தது 5 ஆங்ஸ்ட்ராமாவது வரும் ஜோடிகளை எடுங்கள். இந்தக் கணிப்பிலேயே 3 ஆங்ஸ்ட்ராம் வரை பிழை வரும். அதைவிடச் சிறிய மாற்றத்தை நம்பித் திட்டம் போடுவது வீண் உழைப்பு.

இடத் தேர்வில் நான் விடாமல் பின்பற்றும் சில விதிகள் உண்டு. சவ்வைத் தாண்டி நீருக்குள் நீளும் சுருள் முனைகளை முதலில் பாருங்கள். லேபிள் எளிதில் ஏறும், புரதமும் கெடாது. தளர்ந்த வளையங்களைத் தவிருங்கள்; அங்கே பரவல் அகலமாகி, அசைவு எது, தளர்ச்சி எது என்று பிரிக்க முடியாமல் போகும். அடி மூலக்கூறு (புரதம் கடத்தும் பொருள்) அமரும் குழியையும், சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டும் இடங்களையும் தொடாதீர்கள். இணைந்த நைட்ராக்சைடுப் பக்கச் சங்கிலி ஏறத்தாழ ஒரு டிரிப்டோஃபான் அளவு இடம் கேட்கும்.

வெளிப்பக்கம் மூன்று ஜோடி, உட்பக்கம் மூன்று ஜோடி என்பது நல்ல தொடக்கம். அசையாது என்று நம்பும் பகுதிக்குள் ஒரு ஜோடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஜோடியும் நகர்ந்தால் புரதமே குலைகிறது என்று பொருள். ஒரே ஒரு ஜோடியின் அளவை வைத்து ஒரு கடத்துப் புரதத்தின் முழுச் சுழற்சியையும் விவரிக்கக் கூடாது. ஒரு சுருள் முனை சற்றே திரும்பினால்கூட ஒரு ஜோடியின் தூரம் மாறிவிடும். கதவு திறந்ததாக அதை எடுத்துக்கொள்ள முடியாது.

படி 2: சிஸ்டீன் இல்லாத புரதம்

இயற்கையான சிஸ்டீன்கள் இருந்தால் லேபிள் அவற்றிலும் ஏறும். லாக் ஒய்யில் எட்டு இருந்தன. எட்டையும் மாற்றி, இன்னும் லாக்டோஸைக் கடத்தும் ஒரு வடிவத்தை முதலில் உருவாக்கினார்கள். உங்கள் புரதத்திலும் இது அவசியம். பெரும்பாலும் அலனினோ செரினோ போதும். சவ்வுக்குள் புதைந்த சிஸ்டீனுக்கு அலனினோ வேலினோ பொருந்தலாம். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். ஆனாலும் இதைத் தாண்டிப் போகக் குறுக்கு வழி கிடையாது.

சிஸ்டீன் நீக்கிய புரதம், அதில் புதிதாக வைத்த ஒவ்வொரு இரட்டைச் சிஸ்டீன் மாற்றம், லேபிள் ஏறிய பிறகு அதே மாற்றம் என மூன்று கட்டத்திலும் கடத்தும் திறனை அளந்து பாருங்கள். கதிரியக்க அடி மூலக்கூறு உள்ளேறுவதோ, ஏ.டி.பி. நீராற்பகுப்போ, பிணைப்புச் சோதனையோ, உங்கள் புரதத்துக்கு எது பொருத்தமோ அது. மூன்றாவது கட்டத்தை நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். கடத்தாத புரதத்தின் அசைவை எவ்வளவு அழகாக அளந்தாலும் அது கடத்தலைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

படி 3: லேபிள் ஏற்றுவது

இந்த வேலையில் கெட்டுப்போகும் சோதனைகளில் பாதிக்கு மேல் காந்தத்துக்கு வருவதற்கு முன்பே கெட்டுவிடுகின்றன; அதிலும் பெரும்பாலானவை இந்தப் படியில்தான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வழக்கமான லேபிள் எம்.டி.எஸ்.எஸ்.எல். அது சிஸ்டீனோடு டைசல்ஃபைடு பிணைப்பு போடும். ஆகவே கரைசலில் டைதயோத்ரீட்டால் போன்ற ஒடுக்கி மிச்சம் இருந்தால் லேபிள் ஏறாது, ஏறியதும் கழன்றுவிடும். சுத்திகரிப்பின் போது சிஸ்டீன்களைக் காக்க ஒடுக்கி போட்டிருந்தால், லேபிள் சேர்ப்பதற்குச் சற்று முன்பு உப்பு நீக்கும் பத்தியில் (column) ஓட்டி முழுவதுமாக எடுத்துவிடுங்கள். எடுத்த பிறகு தாமதிக்க வேண்டாம். சிஸ்டீன்கள் தங்களுக்குள்ளேயே பிணைந்துகொள்ளும்.

ஒரு சிஸ்டீனுக்குப் பத்து மடங்கு லேபிள், பி.எச். 7 முதல் 8 வரை, இருட்டில், 4 டிகிரி செல்சியஸில் ஓர் இரவு என்பது நல்ல தொடக்க நிலை. அறை வெப்பநிலையில் இரண்டு மணி நேரமும் பல புரதங்களுக்குப் போதும். லேபிளின் இருப்புக் கரைசலைக் கரிமக் கரைப்பானில் செய்து, சிறு சிறு பங்குகளாக உறைய வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சவ்வுப் புரதத்துக்கே உரிய தொல்லை. இந்த லேபிள் எண்ணெய்த் தன்மை உள்ளது. புரதத்தைச் சூழ்ந்திருக்கும் டிடர்ஜென்ட் மைசெல்லுக்குள் (டிடர்ஜென்ட் மூலக்கூறுகளின் திரள்) நுழைந்து அங்கேயே தங்கிவிடும். ஜெல் வடிகட்டல் பத்தியில் ஓட்டினாலும் மைசெல்லோடு சேர்ந்து வெளியே வரும். நிறமாலையில் அகன்ற சிக்னலின் மேல் மூன்று ஊசிகள் குத்தி நிற்பதுபோல் தெரிந்தால் அது இதுதான். ஒரு முறை இரண்டு வாரம் இந்த ஊசிகளைப் புரதத்தின் தளர்ந்த பகுதி என்று எண்ணி ஆராய்ந்துகொண்டிருந்தேன். புரதம் நிக்கல் பத்தியில் ஒட்டியிருக்கும் போதே லேபிள் ஏற்றி, பத்திக் கொள்ளளவைப்போல் இருபது மடங்கு தாங்கல் கரைசலால் கழுவி, பிறகு இறக்கிப் பார்த்ததும் ஊசிகள் காணாமல் போயின. அன்றிலிருந்து நான் இந்த வழியை மட்டுமே பின்பற்றுகிறேன். நிக்கல் கசிந்து வந்தால் அதுவும் காந்தப் பண்புள்ளது என்பதால், இறுதியில் ஒரு ஜெல் வடிகட்டலும் செய்துவிடுங்கள்.

எவ்வளவு ஏறியது? தெரிந்த செறிவுள்ள டெம்போல் என்ற நைட்ராக்சைடுக் கரைசலின் நிறமாலையையும் உங்கள் மாதிரியின் நிறமாலையையும் இருமுறை தொகையிட்டு ஒப்பிட்டால் ஸ்பின்களின் எண்ணிக்கை வரும். அதைப் புரதச் செறிவால் வகுங்கள். இரட்டைச் சிஸ்டீனில் 1.8-க்கு மேல் வந்தால் மகிழ்ச்சியாகத் தொடரலாம். 1.2 என்றால் நிறுத்திக் காரணம் தேடுங்கள். 2.5 என்றால் தனி லேபிள் மிச்சம் இருக்கிறது. சிஸ்டீன் நீக்கிய புரதத்தையும் இதே முறையில் லேபிளோடு வைத்துக் கழுவி அளக்க வேண்டும். அதில் சிக்னல் ஏறக்குறைய பூஜ்யமாக இருக்க வேண்டும்.

படி 4: எந்தச் சூழலில் அளப்பது

டோடெசில் மால்டோசைடு என்ற டிடர்ஜென்ட்டின் மைசெல்லில் தொடங்குவது எளிது. ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். சவ்வின் பக்கவாட்டு அழுத்தமும், குறிப்பிட்ட லிப்பிடுகளும் மைசெல்லில் கிடையாது. மைசெல்லில் ஒரு பக்கமாகவே சாய்ந்து நிற்கும் புரதம் லிப்பிடில் இரண்டு நிலைக்கும் பங்கிட்டுக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம்.

நானோடிஸ்க் எனப்படும் வட்டுகள் இந்த வேலைக்கு நன்கு பொருந்துகின்றன. சுமார் 10 நானோமீட்டர் விட்டமுள்ள ஒரு லிப்பிடு வட்டில் ஒரு புரதம் உட்காரும். பக்கத்துப் புரதத்தின் ஸ்பின் தொலைவில் இருப்பதால் பின்னணிச் சிக்னல் கட்டுக்குள் இருக்கும். லிப்போசோம் எனப்படும் லிப்பிடு குமிழில் அப்படியில்லை: புரதங்கள் ஒரே பரப்பில் நெருங்கி நிற்பதால் பின்னணி செங்குத்தாகச் சரியும், சிக்னலின் ஆயுளும் குறையும். சவ்வுக்கு இரு புறமும் வேறு வேறு அயனிச் செறிவு வேண்டிய சோதனைக்கு மட்டும் லிப்போசோமைத் தவிர்க்க முடியாது. அப்போது புரதத்தைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் லிப்பிடு சேர்த்து நீர்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: அறை வெப்பநிலையில் ஒரு நிறமாலை

தூர அளவீட்டுக்கு அவசரப்பட்டு நேரே போக வேண்டாம். சுமார் 100 மைக்ரோமோலார் மாதிரி, 10 முதல் 20 மைக்ரோலிட்டர், மெல்லிய கண்ணாடிக் குழாயில். 100 கிலோஹெர்ட்ஸ் பண்பேற்றம் (புலத்தைச் சிறிதாக முன்னும் பின்னும் அசைப்பது), 1 காஸ் வீச்சு, 100 முதல் 150 காஸ் வரை வருடல். சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

பண்பேற்ற வீச்சைக் கூட்டினால் சிக்னல் பெரிதாகும். கூடவே கூர்மையான கோடுகள் செயற்கையாக அகன்றும் போகும். மிகக் கூர்மையான கோட்டின் அகலத்தைவிட வீச்சு சிறியதாகவே இருக்கட்டும். மைக்ரோவேவ் திறனும் அப்படித்தான். நிறைசெறிவு (திறனைக் கூட்டியும் சிக்னல் அதற்கேற்ப வளராத நிலை) தொடங்குவதற்கு முன்பே நிறுத்துங்கள்.

எக்ஸ் பேண்ட் நிறமாலையின் வடிவம் ஏறத்தாழ 0.1 முதல் 100 நானோவிநாடி வரையிலான சுழற்சிகளுக்கு உணர்வுள்ளது. கடத்தல் சுழற்சியோ மில்லிவிநாடியிலிருந்து விநாடிகள் வரை எடுக்கும். ஆகவே புரதம் கதவு மாற்றும் வேகத்தை இந்த நிறமாலை நேரடியாகக் காட்டாது. மூடிய நிலையில் ஒரு சூழல், திறந்த நிலையில் வேறு சூழல் என இரண்டும் கலந்து நிற்பதை மட்டும் காட்டும். அடி மூலக்கூறு சேர்ப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த நிறமாலைகளைத் தொகையால் சமப்படுத்தி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். குறைந்த புலப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கூறுகளில் ஒன்று உயர்ந்து மற்றது தாழ்ந்தால், அந்த இடத்தில் ஏதோ மாறுகிறது என்று உறுதி.

படி 6: நீரா, லிப்பிடா?

இந்தப் படியை இப்போது பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் கடத்துப் புரதத்தின் குழி எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பதை இவ்வளவு எளிதாகச் சொல்லும் அளவீடு வேறு அரிது.

ஆக்சிஜன் சவ்வின் நடுவில் அதிகமாகக் கரையும். நிக்கல் எட்டா எனப்படும் நிக்கல் சேர்மம் நீரில் இருக்கும்; சவ்வுக்குள் நுழையாது. இரண்டும் நைட்ராக்சைடோடு மோதி அதன் தளர்வை, அதாவது மேலே தாவிய எலக்ட்ரான் கீழ் நிலைக்குத் திரும்புவதை, விரைவாக்கும். வாயு ஊடுருவும் டி.பி.எக்ஸ். பிளாஸ்டிக் குழாயில் மாதிரியை வைத்து, நைட்ரஜனில், காற்றில், நிக்கல் சேர்மத்தோடு நைட்ரஜனில் என மூன்று முறை, திறனைப் படிப்படியாகக் கூட்டி நடுக்கோட்டின் உயரத்தை அளக்கிறோம். மோதல் அதிகமானால் நிறைசெறிவுக்கு அதிகத் திறன் தேவைப்படும். ஆக்சிஜன் அணுகலை நிக்கல் அணுகலால் வகுத்து மடக்கை எடுத்தால் கிடைக்கும் எண், லேபிள் சவ்வில் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதோடு நேர்கோட்டில் உயரும்.

ஒரு சுருளில் அடுத்தடுத்த அமினோ அமிலங்களில் இதைச் செய்தால் 3.6-க்கு ஒரு முறை ஏறி இறங்கும் அலை தெரியும். எந்த முகம் லிப்பிடைப் பார்க்கிறது, எது குழியைப் பார்க்கிறது என்று பிரிந்துவிடும். சவ்வின் நடு ஆழத்தில் இருக்க வேண்டிய ஓர் இடத்தில் நிக்கல் அணுகல் உயர்ந்திருந்தால், நீர் அங்கே வரை வந்திருக்கிறது, குழி திறந்திருக்கிறது. அடி மூலக்கூறு சேர்த்ததும் அது விழுந்தால், மூடிக்கொண்டது.

படி 7: டீர் அளவீடு

இரண்டு ஸ்பின்கள் அருகருகே இருந்தால் ஒன்றின் காந்தப்புலத்தை மற்றது உணரும். அந்த ஊடாட்டத்தின் அதிர்வெண், தூரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதம். 1 நானோமீட்டரில் அது 52.04 மெகாஹெர்ட்ஸ், 2 நானோமீட்டரில் 6.5, 5 நானோமீட்டரில் 0.42 மட்டுமே. மற்ற எல்லா ஊடாட்டங்களிலிருந்தும் இதைத் தனியே பிரித்தெடுக்கும், டீர் (இரட்டை எலக்ட்ரான்-எலக்ட்ரான் ரெசனன்ஸ்) எனப்படும் துடிப்பு முறையை 1981-இல் மிலோவும் சாலிகோவும் அவர்களுடைய சகாக்களும் நோவோசிபிர்ஸ்கில் உருவாக்கினார்கள். இப்போது நாம் பயன்படுத்தும் நான்கு துடிப்பு வடிவம் 2000-இல் மைன்ஸில் இருந்து வந்தது. ஓர் அதிர்வெண்ணில் ஒரு பங்கு ஸ்பின்களின் எதிரொலியைக் கவனிக்கிறோம். வேறு அதிர்வெண்ணில் ஒரு பம்ப் துடிப்பால் மற்றப் பங்கைப் புரட்டுகிறோம். பம்ப் துடிப்பின் நேரத்தை நகர்த்த நகர்த்த எதிரொலி ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தில்தான் தூரம் இருக்கிறது.

மாதிரித் தயாரிப்பு: 20 முதல் 100 மைக்ரோமோலார் புரதம். தாங்கல் கரைசலைக் கனநீரில் செய்யுங்கள். டியூட்டீரியம் ஏற்றிய கிளிசராலை 20 முதல் 30 விழுக்காடு சேருங்கள். சுற்றியுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களே எதிரொலியின் ஆயுளைக் குறைப்பவை. அவற்றை டியூட்டீரியமாக மாற்றினால் இரண்டு மைக்ரோவிநாடியில் மறையும் சிக்னல் இன்னும் நீண்டு நிற்கும். கிளிசரால் இல்லாவிட்டால் உறையும்போது பனிப்படிகங்கள் புரதங்களை ஒரு மூலைக்குத் தள்ளி நெருக்கிவிடும். அதே சமயம் கிளிசராலே சில புரதங்களின் நிலைச் சமநிலையை மாற்றக்கூடும். அறை வெப்பநிலை நிறமாலையைக் கிளிசராலோடும் இல்லாமலும் ஒப்பிட்டு இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். படி 5-ஐ விட வேண்டாம் என்று சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

அடி மூலக்கூறு, அயனி, ஏ.டி.பி. எதுவானாலும் உறைய வைப்பதற்கு முன் சேர்த்து, சமநிலைக்கு வர நேரம் கொடுங்கள். ஏ.டி.பி.யின் ஆற்றலால் இயங்கும் ஏ.பி.சி. வகைக் கடத்திகளில் ஏ.டி.பி. தீர்ந்துபோன பின் உறைய வைத்தால் எதுவும் தெரியாது. வனடேட் சேர்த்து நீராற்பகுப்பின் இடைநிலையில் பூட்டி, பிறகு உறைய வையுங்கள். குழாயைத் திரவ நைட்ரஜனில் மெல்ல அடியிலிருந்து இறக்குங்கள். அளவீடு நைட்ராக்சைடுக்கு 50 கெல்வின் அளவில் நடக்கும். கியூ பேண்ட் கருவி கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். குறைந்த மாதிரியில், பல மடங்கு நல்ல சிக்னல் கிடைக்கும்.

கருவியில் முதலில் எதிரொலியைக் கொண்டு புலம் வருடி நிறமாலையை எடுங்கள். பம்ப் துடிப்பை அதன் உச்சியில் வையுங்கள், கவனிக்கும் துடிப்பை அதிலிருந்து 60 முதல் 100 மெகாஹெர்ட்ஸ் தள்ளி வையுங்கள். நிறமாலையில் ஆறு கூர்கோடுகள் தெரிந்தால் மாங்கனீசு மாசு. மாதிரியைத் திரும்பச் சுத்தம் செய்யாமல் மேலே போகாதீர்கள்.

எவ்வளவு நீளம் பதிவு செய்வது? இங்கேதான் பெரும்பாலான தவறான முடிவுகள் பிறக்கின்றன. 2 மைக்ரோவிநாடி நீளமுள்ள பதிவிலிருந்து, தூரப் பரவலின் வடிவத்தை 3 நானோமீட்டர் வரையும், சராசரியையும் அகலத்தையும் 4 வரையும், சராசரியை மட்டும் 5 வரையும் நம்பலாம். அதற்கு மேல் 6 வரை ஏதோ இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம். இந்த எல்லைகள் நேரத்தின் கனமூலத்தோடு மட்டுமே வளரும்: பதிவை இரு மடங்காக நீட்டினால் எல்லை கால் பங்குதான் கூடும். உங்கள் ஜோடி 5.5 நானோமீட்டர் என்று எதிர்பார்த்தால் 4 மைக்ரோவிநாடிக்கு மேல் பதிவு வேண்டும். அதற்கு மாதிரியின் ஆயுள் போதாவிட்டால், இரவு முழுவதும் சராசரி எடுப்பதைவிட ஜோடியை நெருக்கமான இடத்துக்கு மாற்றுவது நல்லது.

படி 8: வளைவிலிருந்து தூரத்துக்கு

பதிவான வளைவில் இரண்டு சங்கதிகள் கலந்திருக்கும்: ஒரே புரதத்துக்குள் இருக்கும் ஜோடியின் அலைவு, பக்கத்துப் புரதங்களால் வரும் மெதுவான சரிவு. சரிவை வகுத்து நீக்கினால் அலைவு மிஞ்சும். மைசெல்லில் சரிவை முப்பரிமாணப் பின்னணியாகக் கொள்ளலாம். தட்டையான லிப்பிடு படலத்தில் பரிமாணம் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே விழும். ஒற்றைச் சிஸ்டீன் மாதிரியை அதே சூழலில் அளந்தால் இந்தச் சரிவு நேரடியாகவே கிடைத்துவிடும். இதற்கு ஒரு நாள் செலவு செய்யத் தயங்காதீர்கள்.

அலைவிலிருந்து தூரப் பரவலுக்கு வருவது கணித ரீதியாக நிலையற்ற தலைகீழ்க் கணக்கு. சிறு இரைச்சல்கூட பொய்யான சிகரங்களை எழுப்பும். டிகோனோவ் முறைப்படுத்தல் பரவலை மென்மையாக்கி இதைச் சமாளிக்கிறது. டீர்அனாலிசிஸ், பைத்தானில் இயங்கும் டீர்லேப் ஆகிய இரண்டும் பரவலாகப் பயன்படுகின்றன. பின்னணியையும் பரவலையும் ஒரே பொருத்தத்தில் கணக்கிட்டு, நம்பக வரம்புப் பட்டையோடு தருவதால் டீர்லேபின் வழியை நான் விரும்புகிறேன். பட்டை இல்லாமல் ஒரு கோடாக வரைந்த பரவலை யாரிடமும் காட்டாதீர்கள். பட்டை பூஜ்யத்தைத் தொடும் சிகரத்தைச் சிகரமாக எண்ணக் கூடாது.

பல அலகுகள் சேர்ந்த புரதங்களில் இன்னொரு பொறி உண்டு. ஜி.எல்.டி.பி.எச். எனப்படும் குளூட்டமேட் வகைக் கடத்தி மூன்று ஒரே மாதிரி அலகுகள் சேர்ந்தது. ஓர் இடத்தில் லேபிள் வைத்தாலே மூன்று ஸ்பின்கள் வந்துவிடும். மூன்றும் சேர்ந்து பரவலில் இல்லாத தூரங்களை உருவாக்கும். பம்ப் துடிப்பின் திறனைக் குறைத்து ஒரு முறை, முழுத் திறனில் ஒரு முறை அளந்து பாருங்கள். சுருங்கிப்போகும் சிகரங்கள் பொய்.

படி 9: என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது

ஒரு ஜோடியில் 32, 45 ஆங்ஸ்ட்ராமில் இரு சிகரங்கள் வந்ததாக வைத்துக்கொள்வோம். அடி மூலக்கூறு சேர்த்ததும் 45 உயர்ந்து 32 தாழ்கிறது. உடனே "திறந்தது" என்று எழுதத் தோன்றும். அதற்கு முன் எதிர்ப்பக்க ஜோடிகளைப் பாருங்கள். வெளிப்பக்கம் திறக்கும் அதே நிலையில் உட்பக்கம் மூடினால்தான் மாற்றுத் திறப்பு. இரு பக்கமும் ஒன்றாக அகன்றால் புரதம் தளர்ந்து குலைகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும்.

அப்புறம் தூண்டுதலின் அளவைப் படிப்படியாக மாற்றுங்கள். எல்.எம்.ஆர்.பி. என்ற பல மருந்து வெளியேற்றியில் பி.எச். அளவை மாற்றிக்கொண்டே அளந்தார்கள், பி.எச். உயர்ந்தபோது வெளிப்பக்கம் திறந்த நிலையும், தாழ்ந்தபோது அது மூடிய நிலையும் மேலோங்கின. இரு சிகரங்களின் பரப்பு ஒரு வளைவாக மாறியதால், புரோட்டான் ஏறுவதே நிலையை மாற்றுகிறது என்று சொல்ல முடிந்தது. "இருக்கிறது, இல்லை" என்ற இரண்டு மாதிரிகளால் இந்த அளவுக்குச் சொல்ல முடியாது. லியூடி என்ற சோடியம் சார்ந்த கடத்தியில் சோடியம் வெளிப்பக்கத்தைத் திறக்கும், லியூசின் வந்ததும் அது மூடும். ஆகவே அயனியையும் அடி மூலக்கூறையும் தனித்தனியே, பிறகு சேர்த்து என எல்லாச் சேர்க்கையிலும் அளப்பது முக்கியம்.

எதிர்பார்த்த இரு நிலைகளிலும் ஒரே நேரத்தில் புரதங்கள் இருந்தால் பயப்பட வேண்டாம். ஜி.எல்.டி.பி.எச்.-இல் பிணைக்கும் பகுதி சுமார் 15 ஆங்ஸ்ட்ராம் மேலும் கீழும் மின்தூக்கிபோல் நகரும். 2013-இல் டீரால் பார்த்தபோது, அடி மூலக்கூறு இருந்தும் இல்லாமலும் புரதம் உள்நோக்கிய, வெளிநோக்கிய நிலைகளுக்கு இடையே பங்கிட்டு நின்றது. படிகம் ஒரு நிலையைத் தேர்ந்து காட்டும். ஸ்பின் லேபிள் கூட்டத்தையே காட்டும். இந்த முறையின் மேல் எனக்கு இருக்கும் பிரியத்துக்குக் காரணமே அதுதான்.

எண்களின் எல்லையையும் மறக்க வேண்டாம். அளந்த தூரம் இரு நைட்ராக்சைடுகளுக்கு இடையிலானது; புரதச் சங்கிலியின் முதுகெலும்பிலிருந்து ஒவ்வொன்றும் 5 முதல் 7 ஆங்ஸ்ட்ராம் வரை வெளியே நீட்டி நிற்கிறது. பரவலின் அகலத்தில் ஒரு பங்கு லேபிளின் சொந்தத் தளர்ச்சி. சராசரியின் நகர்வை நம்பலாம். அகலத்தில் வரும் சிறு மாற்றத்தை இன்னொரு ஜோடி ஒப்புக்கொண்ட பிறகே நம்புங்கள். உறைந்த மாதிரி என்பதால் வேகம் எதுவும் இதில் இல்லை. ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு எவ்வளவு நேரம் என்பது தெரிய வேண்டுமானால், ஒற்றை மூலக்கூறு ஒளிர்வு அளவீட்டையோ, விரைந்து கலந்து விரைந்து உறைய வைக்கும் கருவியையோ சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பல ஆய்வகங்கள் சேர்ந்து, ஒரே மாதிரிகளை அளந்து ஒப்பிட்டு, 2021-இல் நைட்ராக்சைடு டீர் அளவீட்டுக்கான பொது நெறிகளை வெளியிட்டன. எழுதத் தொடங்குவதற்கு முன் அதிலுள்ள ஒவ்வொரு அம்சத்தையும் உங்கள் குறிப்பேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். லேபிள் ஏறிய விகிதம், மூலப் பதிவு, பின்னணித் தொடக்கம், அலைவின் ஆழம் எல்லாவற்றையும் முடிவோடு சேர்த்துத் தருவது இப்போது எதிர்பார்க்கப்படும் ஒழுங்கு.

செல்லுக்குள்ளேயே அளக்க விரும்பினால்

சுத்திகரித்த புரதத்தில் விடை தெளிவாகிவிட்டால் அடுத்த ஆசை இயல்பாக இதுவாகத்தான் இருக்கும். செல்லின் உட்புறம் ஒடுக்கும் சூழல் என்பதால் சாதாரண நைட்ராக்சைடு அங்கே நிமிடங்களில் சிக்னலை இழக்கும். ஆனால் ஈ.கோலையின் வெளிச்சவ்வில் இருக்கும் புரதங்களுக்கு வெளியிலிருந்தே லேபிள் ஏற்றலாம். வைட்டமின் பி12-ஐ ஏற்கும் பி.டி.யூ.பி. என்ற கடத்தியில் இதைச் செய்திருக்கிறார்கள். புரதத்தில் ஒரு லேபிள், வைட்டமினில் ஒரு லேபிள், அளவீடு முழுச் செல்லில். உங்கள் புரதம் உட்சவ்வில் இருந்தால், ஒடுக்கத்தைத் தாங்கும் டிரைட்டில் லேபிளோ கடோலினியம் லேபிளோ முயன்று பார்க்கலாம். எதுவாயினும், மைசெல்லிலும் நானோடிஸ்க்கிலும் அளந்த அதே ஜோடியோடு தொடங்குங்கள். ஒப்பிட ஒரு எண் கையில் இருக்கும்.